ஈர்ப்பு அலை கடந்து சென்ற பின் எது இடம் மாறியிருக்கும்?

வள்ளியூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் கேள்வி இது: "அண்ணாச்சி, ஈர்ப்பு அலை கடந்து போன பிறகும் பொருள்களுக்கு இடையே உள்ள தொலைவு பழைய அளவுக்குத் திரும்பாது, அதற்கு நினைவு விளைவு என்று பெயர் என்று படித்தேன். அப்படியானால் 2015-இல் முதல் அலையைப் பிடித்த லைகோவின் கண்ணாடிகள் இன்றும் இடம் மாறித்தான் நிற்கின்றனவா? நிற்கின்றன என்றால், அதை அளந்து அந்த அலையை இப்போதும் படித்துவிட முடியாதா?"

லைகோ என்பது அமெரிக்காவில் உள்ள ஈர்ப்பு அலைக் கருவி; ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு நீண்ட கைகளில் தொங்கும் கண்ணாடிகளின் இடைத்தொலைவை அது லேசர் ஒளியால் ஒப்பிடுகிறது. அந்தக் கண்ணாடிகள் இடம் மாறி நிற்கவில்லை. அலை கடந்த சில நொடிகளுக்குள் அவை பழைய இடத்துக்கே வந்துவிட்டன. அதனால் நினைவு விளைவு பொய் என்றாகிவிடாது. அது எந்தப் பொருள்களுக்குப் பொருந்தும், எந்தப் பொருள்களுக்குப் பொருந்தாது என்ற வரையறைதான் பெரும்பாலான எளிய விளக்கங்களில் விடுபட்டுப் போகிறது. இரண்டாம் கேள்விக்கான விடையும் அந்த வரையறைக்குள்ளேயே இருப்பதால், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஈர்ப்பு அலை என்பது பெரும் நிறைகளின் அசைவால் காலவெளியில், அதாவது இடமும் காலமும் சேர்ந்த வெளியில், பரவும் நெளிவு. அது, தான் செல்லும் திசைக்குக் குறுக்கான தளத்தில் ஒரு திசையை நீட்டி, அதற்குச் செங்குத்தான திசையைச் சுருக்கும். அடுத்த அரைச் சுற்றில் நீண்டது சுருங்கும், சுருங்கியது நீளும். நீள மாற்றத்தை நீளத்தால் வகுத்து வரும் எண்ணே திரிபு. 2015 செப்டம்பர் 14 அன்று பதிவான அலையில் அதன் உச்ச மதிப்பு 10⁻²¹ அளவில் இருந்தது. லைகோவின் 4 கிலோமீட்டர் கையில் அது ஏறத்தாழ 4×10⁻¹⁸ மீட்டர் மாற்றம்; ஒரு புரோட்டானின் விட்டத்தில் நானூறில் ஒரு பங்குக்கு அருகில் வரும். அலை ஓய்ந்ததும் இந்த எண் சுழிக்குத் திரும்பிவிடும் என்பதே நாம் இயல்பாகச் செய்துகொள்ளும் அனுமானம். நினைவு விளைவு மறுப்பது அந்த ஒரு அனுமானத்தைத்தான்: அதிர்வு ஓய்ந்த பின் திரிபு சுழிக்குத் திரும்பாமல், சுழியிலிருந்து சற்று விலகிய வேறொரு மதிப்பில் நிலைத்து நிற்கும்.

எந்த விசையாலும் பிணைக்கப்படாமல், ஈர்ப்புக்கு மட்டும் உட்பட்டு விண்வெளியில் தங்குதடையின்றி விழுந்துகொண்டிருக்கும் இரண்டு பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவை ஒன்றுக்கொன்று அசையாமல் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே, எந்தப் பொருளோடும் ஒட்டாமல், அதே நீளத்தில் ஒரு கற்றூணும் மிதக்கிறது. அலை வரும்போது மூன்றும் அலைக்கழிக்கப்படும். அலை போன பிறகு தூண் தன் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும், ஏனெனில் அதன் நீளத்தை நிர்ணயிப்பவை அணுக்களுக்கு இடையே உள்ள மின்விசைகள்; அவற்றுக்கு வந்து போன அலையைப் பற்றிய கணக்கு எதுவும் கிடையாது. தனிப் பொருள்கள் இரண்டுக்கும் அப்படி இழுத்துப் பிடிக்க யாரும் இல்லை. அவை மீண்டும் ஒன்றுக்கொன்று அசையா நிலைக்கு வந்திருக்கும், ஆனால் அவற்றின் இடைத்தொலைவு தூணைவிடச் சற்றுக் கூடியோ குறைந்தோ இருக்கும். தூணுக்கும் இடைத்தொலைவுக்கும் உள்ள அந்த வேறுபாடுதான் நினைவு விளைவு. நெல்லையப்பர் கோயில் தூண்களோ, தரையோடு பிணைந்து நிற்கும் எந்தக் கட்டடமோ இவ்வகையில் இடம் மாறுவதில்லை.

பத்திரிகைக் கட்டுரைகளில் இதைக் 'காலவெளியில் விழுந்த தழும்பு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்த விளக்கத்தில் உடன்பாடில்லை. அலை சென்ற பின் அந்த இடத்தில் காலவெளியின் வளைவு மீண்டும் சுழிதான். அங்கே புதிதாகப் போய் நிற்பவர் எந்தத் தழும்பையும் காண மாட்டார். மேல்நிலை வகுப்புக் கணிதமே இதைத் தெளிவாக்கிவிடும். இரண்டு தனிப் பொருள்களின் சார்பு முடுக்கம், திரிபின் இரண்டாம் வகைக்கெழுவில் பாதியை இடைத்தொலைவால் பெருக்கிய அளவு. வளைவு என்பதும் அந்த இரண்டாம் வகைக்கெழுவே. அதை ஒருமுறை தொகையிட்டால் சார்பு வேகம் கிடைக்கும், இறுதியில் அது சுழியாகும். இன்னொரு முறை தொகையிட்டால் இடப்பெயர்ச்சி கிடைக்கும். அது சுழியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. முடுக்கம் சுழி, வேகம் சுழி, ஆனால் இடம் வேறு என்பதில் முரண்பாடு ஏதுமில்லை.

திரிபின் இறுதி மதிப்பு ஏன் மாற வேண்டும் என்பதற்கு முதலில் விடை கண்டவர்கள் சோவியத் நாட்டு அறிவியலாளர்கள். 1974-இல் செல்டோவிச்சும் போல்நரேவும், நெருக்கமான விண்மீன் கூட்டத்துக்குள் அடர்த்தியான பொருள்கள் ஒன்றையொன்று உரசிச் செல்லும்போது இத்தகைய நிலையான மாற்றம் எழும் என்று கணக்கிட்டனர். தொலைவில் உணரப்படும் திரிபு, மூலத்தின் நான்முனைத் திருப்புத்திறனின், அதாவது அதன் நிறை எந்த வடிவில் பரவியிருக்கிறது என்பதைச் சொல்லும் அளவின், இரண்டாம் வகைக்கெழுவைப் பொறுத்தது. அதற்குள் நிறையும் வேகத்தின் இருபடியும் அடங்கியிருக்கின்றன. எங்கிருந்தோ வந்து, திசை மாறி, எங்கோ செல்லும் பொருள்களுக்குத் தொடக்க வேகங்களும் இறுதி வேகங்களும் வெவ்வேறு. எனவே திரிபின் தொடக்க மதிப்பும் இறுதி மதிப்பும் வெவ்வேறாகின்றன. 1985-இல் பிராகின்ஸ்கியும் கிரிஷ்சுக்கும், 1987-இல் பிராகின்ஸ்கியும் கிப் தோர்னும் இதை விரிவாக்கினர்; உள்ளே வரும் பொருள்களின் நிறைகளும் வேகங்களும், வெளியே போகும் பொருள்களின் நிறைகளும் வேகங்களும் தெரிந்தால் போதும், இடையில் நடந்த மோதலின் விவரம் எதுவும் தேவையில்லை என்று காட்டும் பொதுச் சூத்திரமும் கிடைத்தது. வெடிக்கும் விண்மீனிலிருந்து எல்லாத் திசைகளிலும் சமமாக வெளியேறாத நியூட்ரினோக்களும் இதே விளைவைத் தரும் என்பதை 1978-இலேயே எப்ஸ்டீன் கணக்கிட்டிருந்தார்.

ஒன்றையொன்று சுற்றி வந்து இணையும் இரண்டு கருந்துளைகளுக்கு இந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். வெளியே பறந்து செல்லும் பொருள் எதுவும் அங்கே இல்லை. இறுதியில் ஒரே ஒரு கருந்துளை, சிறிய பின்னுதைப்போடு. ஆக, நிலையான மாற்றம் மிகமிகச் சிறியதாகத்தான் இருக்க வேண்டும். இந்த முடிவைப் புரட்டிப் போட்டது 1991-இல் டெமெட்ரியோஸ் கிறிஸ்டோடூலு வெளியிட்ட ஆய்வு. பிளான்ஷே, தமூர் ஆகியோரும் வேறொரு கணித வழியில் தனித்தே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் சொன்னது இது: பொருள் எதுவும் வெளியேறாவிட்டால் என்ன, ஈர்ப்பு அலையே ஆற்றலைச் சுமந்துகொண்டு ஒளியின் வேகத்தில் வெளியேறுகிறதே, அந்த ஆற்றலும் ஈர்ப்பை உண்டாக்கும், எனவே அதுவும் நினைவு விளைவுக்கு மூலமாகும். மறு ஆண்டே தோர்ன் இதை மேலும் எளிதாக்கினார்: வெளியேறும் அலையைக் கிராவிட்டான்களின், அதாவது ஈர்ப்பைச் சுமப்பதாகக் கருதப்படும் துகள்களின், கூட்டமாக எண்ணி, அவற்றைப் பழைய சூத்திரத்தில் 'வெளியே போகும் பொருள்கள்' என்ற இடத்தில் போட்டால் அதே விடை வந்துவிடுகிறது.

பொதுச் சார்பியலின் நேரியல்சாராத் தன்மை, அதாவது ஈர்ப்பே ஈர்ப்பை உண்டாக்கும் தன்மை, பெரும்பாலும் சிறு திருத்தங்களாகவே கணக்குகளில் தலைகாட்டும். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு கணமும் சேரும் பங்கு சிறியதுதான் என்றாலும், அது அதிர்ந்து அதிர்ந்து தன்னைத்தானே அழித்துக்கொள்வதில்லை. ஒரே குறியோடு கூடிக்கொண்டே போகிறது. கருந்துளைகள் பல கோடி ஆண்டுகள் நெருங்கி வந்த காலம் முழுவதும் வெளியேறிய ஆற்றலின் மொத்தக் கணக்கு அதில் இருக்கிறது. நெருங்கும் காலத்தில் இந்த ஏற்றம் மெதுவாகவும், இணையும் கணத்தில் செங்குத்தான படியாகவும் அமைகிறது. 2015 நிகழ்வில், சூரியனைப் போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறை கொண்ட இரண்டு கருந்துளைகள் 62 மடங்கு நிறையுள்ள ஒன்றாயின. எஞ்சிய 3 சூரிய நிறைகளும் அலையாற்றலாக வெளியேறின. அந்த வெளியேற்றத்தின் பெரும்பகுதி ஒரு நொடியின் சிறு பங்குக்குள் முடிந்துவிட்டது. படியின் உயரம் அலையின் உச்சத்தில் சில சதவீதத்திலிருந்து ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வரை இருக்கலாம். அது நாம் எந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அந்தக் கோணமும் நமக்குப் பாதகமாகவே அமைந்திருக்கிறது. சுற்றுத்தளத்துக்கு நேர் மேலே இருந்து பார்ப்பவருக்கு அதிரும் அலை மிக வலுவாகத் தெரியும், நினைவு விளைவோ சுழியாகும். தளத்தின் விளிம்புப் பக்கமிருந்து பார்ப்பவருக்கு அலை பாதியாகக் குறைந்திருக்க, நினைவு விளைவு உச்சத்தில் இருக்கும். வலுவான அலைகளையே கருவிகள் எளிதில் பிடிக்கும் என்பதால், பிடிபடுபவற்றுள் பலவும் நினைவு விளைவு மெலிந்த கோணத்தில் அமைந்தவையாகவே இருக்கின்றன. முதல் நிகழ்வும் அப்படித்தான், ஏறத்தாழ நேருக்கு நேராக அமைந்திருந்தது.

இனி லைகோவின் கண்ணாடிகளுக்கு வருவோம். 40 கிலோகிராம் நிறையுள்ள அந்தச் சிலிக்காக் கண்ணாடி ஒவ்வொன்றும், ஒன்றின் கீழ் ஒன்றாக அமைந்த நான்கு அடுக்கு ஊசலின் கடைசியில் தொங்குகிறது. ஊசலின் இயற்கை அதிர்வெண்ணைவிடப் பல மடங்கு வேகமான அசைவுகளுக்கு, கிடைத்தளத்தில் அது தனிப் பொருள்போலவே நடந்துகொள்ளும். மெதுவான மாற்றங்களுக்கு அப்படியல்ல. புவியீர்ப்பு அதைச் சமநிலைப் புள்ளிக்கு இழுக்கும். அதோடு, கைகளின் நீளம் லேசர் ஒளியின் ஒத்ததிர்வு நிலையிலிருந்து நழுவாதபடி கட்டுப்பாட்டு மின்னணுவியலும் கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும். எனவே நிலைத்து நிற்க வேண்டிய இடப்பெயர்ச்சி அங்கே நிலைக்க வழியில்லை. கருவி உணரக்கூடியது அந்தப் படியின் ஏற்றத்தை மட்டுமே, அதுவும் சில பத்து ஹெர்ட்சுக்கு மேற்பட்ட பகுதியில் மட்டும்.

நிலநடுக்கவியலில் இதே சிக்கல் நெடுங்காலமாக உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை உவரி, இடிந்தகரை போன்ற நம் கடற்கரைகளையும் தாக்கியது. அதே நிலநடுக்கத்தில் தென்னிந்திய நிலப்பரப்பு மில்லிமீட்டர் கணக்கில் கிழக்கே நகர்ந்து, திரும்பி வராமல் அங்கேயே நின்றுவிட்டது. ஊசல் தத்துவத்தில் இயங்கும் நிலநடுக்கமானிகள் அதிர்வை வரிவரியாகப் பதிவு செய்தாலும், அந்த நிலையான நகர்வைச் சொல்லக்கூடியவை அல்ல, ஜி.பி.எஸ். நிலையங்களின் முந்தைய, பிந்தைய அளவீடுகளை ஒப்பிட்டே அது தெரியவந்தது. லைகோ நிலநடுக்கமானியின் வகையைச் சேர்ந்தது.

குறைந்த அதிர்வெண்களில் கருவியைக் கூர்மையாக்கினால் தீராதா என்று கேட்கலாம். அங்கேதான் பூமியின் இரைச்சல் முழுவதும் குவிந்திருக்கிறது. கடலலை, காற்று, போக்குவரத்து எல்லாமே தரையை அசைக்கின்றன. உங்கள் வள்ளியூரைச் சுற்றிப் பணகுடியிலும் இராதாபுரத்திலும் நிற்கும் காற்றாலைகளின் கோபுரங்கள்கூட, சுழலும்போது சில ஹெர்ட்சு அளவில் தரைக்கு நடுக்கத்தை அனுப்புபவை. ஈர்ப்பு அலைக் கருவிக்கு இடம் தேடுபவர்கள் அத்தகைய அண்டை வீட்டாரை விரும்புவதில்லை. லைகோ-இந்தியாவுக்குத் தேர்வான இடம் மகாராட்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் உள்ள அவுண்டா. 2023-இல் ஏறத்தாழ 2,600 கோடி ரூபாய்க்கு ஒன்றிய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் தந்தது.

ஒரு நிகழ்வில் தெரியாததைப் பல நிகழ்வுகளைச் சேர்த்துத் தேடலாம் என்ற வழி 2016-இல் முன்வைக்கப்பட்டது. அதிலும் ஒரு தடை உண்டு. படி மேல்நோக்கியதா கீழ்நோக்கியதா என்பது அலையின் தளவிளைவுக் கோணத்தை, அதாவது அலை எந்தத் திசையை நீட்டிச் சுருக்குகிறது என்பதை, பொறுத்தது. அந்தக் கோணத்தை ஐயமின்றிச் சொல்ல, முதன்மை அலையோடு கலந்திருக்கும் மெல்லிய உயர் அலைவுகளையும் பிரித்தறிய வேண்டும். குறி தெரியாமல் கூட்டினால் கூட்டல் ஒன்றையொன்று அழித்துவிடும். தொடக்கத்தில் நூறு நிகழ்வுகள் போதும் என்று எதிர்பார்த்தார்கள். பின்னர் கருந்துளைகளின் உண்மையான நிறைப் பரவலை வைத்துச் செய்த கணக்குகள் அதை ஆயிரக்கணக்கில் கொண்டுபோய் நிறுத்தின. இதுவரை பதிவானவை சில நூறே. நினைவு விளைவு இன்னும் நேரடியாகக் கண்டறியப்படவில்லை.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது பல்சர்களின் வழி. பல்சர்கள் மிகச் சீரான இடைவெளியில் ரேடியோத் துடிப்புகளை அனுப்புபவை. ஒரு பல்சரும் பூமியும் தங்குதடையின்றி விழும் இரண்டு பொருள்கள், இடையே ஆயிரக்கணக்கான ஒளியாண்டுகள். தொலைவில் சூரியனைப் போல் நூறு கோடி மடங்கு நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் இணைந்து, அதன் நினைவுப் படி பூமியைக் கடந்தால், அந்தக் கணம் முதல் எல்லாப் பல்சர்களின் துடிப்பு வீதமும், வானில் அவை இருக்கும் திசைக்கேற்பச் சற்று மாறியதுபோல் தோன்றும். வீதத்தில் நிலையான மாற்றம் என்பதால், துடிப்பு வந்து சேரும் நேரத்தில் உள்ள பிழை நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். விளைவு நிலைத்து நிற்பதே இங்கே நமக்கு ஆதாயம். இணையும் கணத்து அதிர்வுகளோ சில நாள்களுக்குள் முடிந்துவிடுபவை. வாரக்கணக்கான இடைவெளியில் அளக்கும் இந்த முறைக்கு அவை எட்டா. வட அமெரிக்காவின் நானோகிராவ் குழு இத்தகைய படிகளைத் தேடி இல்லை என்று அறிவித்து, மேல் வரம்புகளை வெளியிட்டிருக்கிறது. புனேவுக்கு வடக்கே உள்ள ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியைக் கொண்டு இந்தியக் குழுவும் பல்சர்களை அளந்து வருகிறது. 2023 ஜூனில் உலகின் பல குழுக்களோடு சேர்ந்து, நானோஹெர்ட்சு ஈர்ப்பு அலைப் பின்னணிக்கான சான்றுகளை அது வெளியிட்டது.

கோட்பாட்டில் இந்த விளைவு எங்கே போய் இணைகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இன்று இதைப் பற்றி எழுதப்படும் ஆய்வுகளில் பெரும்பகுதி அந்த இணைப்பைப் பற்றியதே. 1962-இல் பாண்டி, வான் டெர் பர்க், மெட்ஸ்னர் ஆகியோரும் சாக்ஸும், மூலத்திலிருந்து மிகமிகத் தொலைவில் காலவெளிக்கு எஞ்சும் சமச்சீர்மைகள், அதாவது விதிகளை மாற்றாமல் செய்யக்கூடிய மாற்றங்கள், எவை என்று ஆராய்ந்தனர். அங்கே ஈர்ப்பு மங்கிவிடுவதால் சிறப்புச் சார்பியலின் பத்துச் சமச்சீர்மைகளே மிஞ்சும் என்பது எதிர்பார்ப்பு. கிடைத்ததோ முடிவிலி எண்ணிக்கை: காலத்தின் தொடக்கப் புள்ளியைத் திசைக்குத் திசை வெவ்வேறாக நகர்த்தினாலும் விதிகள் மாறுவதில்லை. மீப்பெயர்ச்சி எனப்படும் இந்தச் சமச்சீர்மையைக் கணிதத்தின் வேண்டாத எச்சமாகவே பலர் நெடுங்காலம் கருதினர். 1965-இல் ஸ்டீவன் வைன்பர்க் முற்றிலும் வேறொரு திசையிலிருந்து, துகள்கள் மோதும்போது மிகக் குறைந்த ஆற்றலுள்ள கிராவிட்டான் ஒன்று வெளிப்படுவதற்கான வீச்சு (இருபடியாக்கினால் வாய்ப்பைத் தரும் எண்), அந்த ஆற்றலுக்கு எதிர்விகிதத்தில் அமையும் ஒரு பொதுக் காரணியால் தரப்படும் என்று நிறுவினார். 2014-இல் ஆண்ட்ரூ ஸ்ட்ராமிஞ்சரும் அலெக்சாண்டர் ஜிபோயெடோவும் இவற்றைச் சேர்த்து வைத்தனர். காலத்தில் ஒரு படியை எடுத்து ஃபூரியே மாற்றம் செய்தால், அதாவது அதிர்வெண்களாகப் பிரித்தால், அதிர்வெண்ணுக்கு எதிர்விகிதமான சார்பு வரும். அதன் குணகம் வைன்பர்க்கின் காரணியே, பிராகின்ஸ்கி–தோர்ன் சூத்திரமும் அதுவே. அலைக்கு முந்தைய தட்டையான வெளியும் அலைக்குப் பிந்தைய தட்டையான வெளியும் ஒரு மீப்பெயர்ச்சியால் வேறுபடுகின்றன. கால் நூற்றாண்டுக்கு மேல் இரண்டு சூத்திரங்களும் அச்சில் கிடந்தும் ஒரே உருவம் என்பது கண்ணில் படாமல் இருந்தது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இந்தக் கருத்தை ஹாக்கிங், பெர்ரி, ஸ்ட்ராமிஞ்சர் மூவரும் 2016-இல் கருந்துளைக்குள் தகவல் தொலைகிறதா என்ற புதிருக்கு நீட்டினர். அந்த நீட்சி புதிரைத் தீர்த்துவிட்டதாக நான் கருதவில்லை. ஆனால் நினைவு விளைவின் பட்டியல் உண்மையிலேயே நீண்டிருக்கிறது. கோண உந்தத்தின் வெளியேற்றத்தோடு தொடர்புடைய தற்சுழற்சி நினைவு ஒன்று உண்டு. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் அலோக் லட்டாவும், வேறொரு நிறுவனத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் அசோக் சென்னும் 2018 முதல், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, படியின் வாலையும் கண்டுபிடித்துள்ளனர்: பல துண்டுகளாகச் சிதறும் நிகழ்வுகளில் திரிபு தன் இறுதி மதிப்பை நெருங்கும் விதம், கடந்த நேரத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது, அந்த வாலின் அளவும் துண்டுகளின் நிறைகளையும் வேகங்களையும் கொண்டே முடிவாகிறது.

இனி இரண்டாம் கேள்வி. இன்று இரண்டு தனிப் பொருள்களின் இடைத்தொலைவை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், அவற்றைக் கடந்து ஓர் அலை போயிருக்கிறதா என்று சொல்ல முடியாது. தட்டையான வெளிகளுள் எதுவும் மற்றொன்றைவிட இயல்பானது அல்ல. முன் அளவும் பின் அளவும் கையில் இருந்து, இடையில் அந்தப் பொருள்களை வேறெதுவும் தொடாமல் இருந்தால்தான் வேறுபாடு பொருள்படும். 25 இலட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று விண்கலங்களுக்குள் தனிப் பொருள்களை மிதக்கவிடும் லிசா திட்டம், 2035 வாக்கில் ஏவப்பட்ட பின், பெருங்கருந்துளைகள் இணையும் நேரத்தில் படியேற்றத்தைப் பதிவு செய்யும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. 2015 செப்டம்பர் அலைக்கு அப்படி ஒரு முன் அளவு எங்கும் இல்லை. லிசாவுக்கு முன்னோட்டமாக, பொன்-பிளாட்டினக் கனசதுரங்கள் இரண்டைத் தனிப் பொருள்களாக மிதக்கவிட்ட லிசா பாத்ஃபைண்டர், அந்த ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள்தான் ஏவப்பட்டது. முன்பே சென்றிருந்தாலும், கனசதுரங்களுக்கு இடையே இருந்த 38 சென்டிமீட்டரில் அந்த நினைவுப் படி ஏறத்தாழ 10⁻²³ மீட்டர் அளவுக்கே வந்திருக்கும். அக்கருவியின் நுட்பத்துக்கு அது பல கோடி மடங்கு கீழே.